இலங்கையின் பெரிய வர்த்தகப் பங்காளி யார்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அணி செய்யும் வணிகர் கழகப் பெரியோர்களே, மங்கல விளக்கேற்றிய அதிபர் அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வலிகாமத்திலிருந்தும் தீவகத்திலிருந்தும் ஒரு நாள் உழைப்பை விட்டு வந்திருக்கும் விவசாய, கடற்றொழில் சங்கத்தினரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இலங்கையின் மிகப் பெரிய வர்த்தகப் பங்காளி எந்த நாடு என்பதை ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இரண்டையும் வைத்து ஆராய எண்ணுகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு.

ஏற்றுமதியை அளந்தால் முதலிடம் அமெரிக்காவுக்கு. நமது ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பெரும்பாலும் தைத்த ஆடைகளாக, அங்கே செல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும் ஒன்றாகக் கூட்டினால் அதுவும் அமெரிக்காவுக்கு அருகில் வந்துவிடும். இறக்குமதியிலோ இந்தியாவும் சீனாவும் மாறி மாறி முதலிடம் பெறுகின்றன. சிங்கப்பூரிலிருந்தும் நிறைய எண்ணெய் வருகிறது. அந்த மண்ணில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆகவே, பட்டியலில் காணும் நாடு பொருளை விளைவித்த நாடாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது.

இங்கே 1952 ஆம் ஆண்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொரியப் போர்க் காலம். உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டிருக்க, நமது இறப்பரின் விலை சரிந்துகொண்டிருந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1951 இல் தடை கோரியிருந்தது; இலங்கையோ அச்சபையில் அப்போது உறுப்பினரே அல்ல. டட்லி சேனாநாயக்க பிரதமராயிருந்த அந்நாளில், வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீகிங் சென்று, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறும் ஐந்தாண்டு உடன்படிக்கையைச் செய்துகொண்டார். சந்தை விலைக்கு மேலாகவே சீனா இறப்பருக்கு விலை தந்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆயினும் அரிசி வந்து சேர்ந்தது. இரு நாடுகளுக்கும் தூதரக உறவு ஏற்பட்டதே 1957 இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! மக்களின் பசியை அளந்து பார்த்தே அன்றைய அரசு பங்காளியைத் தேடிக்கொண்டது.

அந்தத் துணிவை இன்று நம் வாசலிலேயே காட்ட முடியும். இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாகப்பட்டினம் காங்கேசன்துறையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பலும் அங்கிருந்து வந்து சேர்ந்தது. இருந்தும் வடக்கின் நண்டும் கடலட்டையும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குப் போய்த்தான் வெளிநாடு காண்கின்றன. வழிச் செலவு கடற்றொழிலாளியின் கையிலிருந்தே கழிகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றவர்களின் பிள்ளைகளாகிய நாம் இந்த இழப்பை இதுவரை அளந்து பார்த்தோமா?

காங்கேசன்துறையில் சரக்குக் கப்பல்கள் ஒழுங்காக வந்துபோக வேண்டும், குளிர்களஞ்சியமும் சுங்கப் பரிசோதனை வசதியும் அங்கேயே அமைய வேண்டும், வடக்கிலிருந்து எந்த நாட்டுக்கு என்ன செல்கிறது என்பதைச் சுங்கத் திணைக்களம் தனியாகத் தமிழிலும் வெளியிட வேண்டும் எனக் கோரும் தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. தலைவர் அவர்கள் அதை இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.