ஏ1சி ரிப்போர்ட்டோடு வரைபடத்தையும் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய் முனையில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தவிர்க்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு பெரிய உருளை வைத்திருப்பார்கள். அவ்வப்போது அதற்கு உப்பு மூட்டை வாங்கிப் போடுவார்கள். உருளைக்குள் இருப்பவை தேன் நிறத்துக் குட்டி மணிகள். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் எதிர் மின்னூட்டம் கொண்ட சல்ஃபோனிக் தொகுதிகளை ஏற்றிச் செய்தவை. தண்ணீரில் வரும் கால்சியத்துக்கு நேர் மின்னூட்டம். மணி அதைப் பிடித்துக்கொண்டு தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுவிடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை விட்டால், சோடியம் திரண்டு வந்து கால்சியத்தை வெளியேற்றும். நேரயனிப் பரிமாற்றம் என்பது இவ்வளவுதான். ரெசின் எனப்படும் இந்த வகை மணிகளுக்கு டி'அலீலியோ என்பவர் 1944-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

இதே குடும்பத்து மணிகள்தான் பல ஆய்வகங்களில் உங்கள் ஏ1சி-யை, அதாவது மூணு மாச சர்க்கரையை, அளக்கின்றன. எனக்கு இந்த மணிகள்மேல் நெடுநாள் பிரியம் உண்டு.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா? இயந்திரம் அதை நீர்க்கச் செய்து, சிவப்பணுக்களை உடைத்து, விரல் நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய்க்குள் செலுத்தும். உள்ளே மணிகள் நெருக்கமாக அடைந்திருக்கும். தனி மணி ஒன்று கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு நுண்ணியது. பாலிஸ்டைரீனில் புரதம் விடாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இங்கே நீரோடு இணக்கமான மெத்தாக்ரிலேட் போன்ற பாலிமர்களை எடுக்கிறார்கள். கரைசல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். அதில் ஹீமோகுளோபின் நேர் மின்னூட்டம் பெற்று மணிகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பிடி தளர்ந்தது முதலில் கழன்று வரும், இறுகப் பிடித்தது கடைசியில் வரும்.

சர்க்கரை ஏறிய ஹீமோகுளோபின், அதாவது ஏ1சி, எப்படித் தனியே பிரிகிறது? குளுக்கோஸ் போய் ஒட்டுவது பீட்டா சங்கிலியின் நுனியில். அந்த நுனியின் நேர் மின்னூட்டம் அதனால் குறைகிறது. மொத்த மூலக்கூறில் 574 அமினோ அமிலங்கள். அதில் ஒரு நுனியில் நடந்த மாற்றத்தை மணி கண்டுகொள்கிறது! பிடி தளர்வதால் ஏ1சி முன்னதாகவே வெளியே வந்துவிடும். திரையில் வரும் வரைபடத்தில் முதலில் சின்ன மேடு, அப்புறம் சாதாரண ஹீமோகுளோபினின் பெரிய மேடு. அந்தச் சின்ன மேட்டின் பரப்பு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்.

கூடலூர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 190-க்கு மேல். ஆனால் வேறோர் இடத்தில் பழைய இயந்திரத்தில் எடுத்த ஏ1சி ஆறுக்கும் கீழே. "எதை நம்புறது சார்?" என்றார். அவருடைய வரைபடத்தைத் தேடி வாங்கிப் பார்த்தோம். பெரிய மேட்டுக்குப் பிறகு, வழக்கமாக வெறுமையாக இருக்கும் இடத்தில், இன்னொரு பெரிய மேடு. அது அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்குரிய ஹீமோகுளோபின். அவருக்கு நோய் இல்லை, அந்த மரபணுவைச் சுமப்பவர், அவ்வளவே. அந்த ஹீமோகுளோபினில் ஓர் எதிர் மின்னூட்டம் குறைவு. ஆகவே மணியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு தாமதமாக வருகிறது. இயந்திரம் அந்த மேட்டையும் மொத்தத்தில் சேர்த்து வகுத்திருக்கிறது. சதவீதம் குறைந்துபோயிற்று. புதிய இயந்திரங்கள் பெரும்பாலும் இதைச் சரியாகக் கையாள்கின்றன. ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அந்த மலைப்பகுதி ஆட்களுக்கு ஏ1சி எடுக்கும்போது வரைபடத்தை அவசியம் பார்க்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், எண்ணோடு வரைபடத்தையும் பாருங்கள்.

"ஏழுக்குக் கீழே வையுங்கள்" என்று மருத்துவர் சொல்கிறாரே, அதற்கு அடிப்படையான அமெரிக்க, கனடிய ஆய்வு 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடந்தது. அதிலும் ஏ1சி-யை அளந்தது ஒரு நேரயனி ரெசின்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. கர்ப்பிணிகளைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. இரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இதே முறையில் ஏ2 என்ற ஹீமோகுளோபினையும் அளக்கலாம். அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால், அந்தப் பெண் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அப்படி வந்தால் தாமதிக்காமல் கணவருக்கும் அதே பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.