அணை நீர்மட்டமும் தம்மமும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பொது வாசகரைத் தேடிப் போன பௌத்தப் பத்திரிகைகள் தங்களைக் கரைத்துக்கொண்டனவா, விரித்துக்கொண்டனவா என்பது இன்றைய வழக்கு. விரித்துக்கொண்டன என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் அண்ணாச்சி, "மழைச் செய்தியும் மருந்துக் குறிப்பும் போட ஆரம்பித்தால் அப்புறம் தம்மத்துக்கு, அதாவது புத்தர் போதனைக்கு, எங்கே இடம்? ஆள் சேர்க்கப் போய்ச் சரக்கையே தொலைத்துவிட்டார்கள்" என்று உருகிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் அள்ளிக்கொண்டார்.

அண்ணாச்சி, நாளைக் காலையில் ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடையில் போய் உட்காருங்கள். பேப்பர் வந்த நிமிஷமே தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு கைக்குப் போய்விடும். ஒருவர் தங்கம் விலை பார்ப்பார், ஒருவர் கண்ணீர் அஞ்சலி பார்ப்பார். வயல் வைத்திருப்பவர் பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் தாளைக் கீழே வைத்துவிடுவாரா? டீ சூடாக இருக்கிறதே! ஆறுகிற வரைக்கும் பக்கத்துப் பத்தியை மேய்வார். அணை நீர்மட்டத்துக்காக வந்தவர் தலையங்கத்தையும் படித்துவிட்டுத்தான் எழுவார்.

இந்த சூட்சுமம் தெரிந்து பத்திரிகை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898-ல் இலங்கை போய், பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலம் ஏற்றுவந்து, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். அவருக்குத் தம்மத்தைப் பரப்பும் ஆசை குறைவென்று எதிரணியும் சொல்லாது. அவர் 1907 ஜூன் 19 அன்று தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. புதன்கிழமைதோறும் நான்கு பக்கம், விலை காலணா, அதாவது அன்றைய ஒரு பைசா. மறு ஆண்டே 'ஒரு பைசா' போய் வெறும் 'தமிழன்' ஆனது. உலக நடப்பு, அரசியல், விவசாயம், பெண்களுக்கான பத்தி எல்லாம் அதில் உண்டு. பண்டிதர் சித்த வைத்தியர், ஆகவே மருந்துக்கும் குறைவில்லை. அந்தத் தாளிலேயேதான் புத்தரின் வரலாறும் தொடராக வந்தது. மருந்துக் குறிப்பு தேடி வந்தவர் புத்தரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் நரகாசுரனை வதம் செய்த கதை கேட்டு வளர்ந்தோம். பண்டிதர் வேறு கதை எழுதினார். பௌத்த மடத்தார் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டார்களாம். அதைத் தேய்த்துக்கொண்டு மக்கள் தீபவதி ஆற்றில் தலைமுழுகிய நாள்தான் தீபாவளியாம். வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு வழக்கு, எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் பத்திரிகைக்காரராக அவர் கெட்டிக்காரர். நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறவனிடம் போய், அந்த எண்ணெயை வைத்தே பேச்சை ஆரம்பிக்கிறார்! குறளுக்கும் ஆத்திசூடிக்கும் பௌத்த உரை எழுதியதும் இதே வழியில்தான். வாசகன் ஏற்கெனவே வைத்திருப்பதிலிருந்து தொடங்குவது. இதில் எது கரைந்தது?

கரைகிறவன் கூட்டத்துக்குப் பிடித்ததை எழுதுவான். அன்றைய நம்ம ஜில்லாக் கதை ஒன்று சொல்கிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். 'தமிழன்' அந்தக் கொலையைக் கண்டித்து எழுதியது. இந்த மேடையில் இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கும், தெரிந்துதான் சொல்கிறேன். பண்டிதர் சொன்னது சரியா தப்பா என்று தனிப் பட்டிமன்றம் போடலாம். ஆனால் வாசகர் தயவுக்காகத் தன்னை இழந்த பத்திரிகையா இப்படி எழுதும்?

இதையெல்லாம் இன்று நாம் படிக்க முடிவதற்கும் நம்ம ஊர்தான் காரணம். அயோத்திதாசர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-ல் வெளியிட்டது இங்கே இருக்கும் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். பௌத்தர் எழுத்துக்குக் கத்தோலிக்கக் கல்லூரி வீடு கொடுத்தது. விரிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே?

சரி, கடல் தாண்டுவோம். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் 'சூகாய் நிப்போ', 1897-ல் ஒரு பௌத்தத் துறவி தொடங்கியது. பிற மதங்களின் செய்தியையும் போடும். 1958-ல் அதில் ஒரு தொடர்கதை ஓடியது. புத்தர் வாக்குகளைச் சொல்லும் தம்மபதக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், நிஞ்சா என்ற பழைய ஜப்பானிய ஒற்றர் கதை! எழுதியவர் ஷிபா ரியோதாரோ. அது நவோகி என்ற ஜப்பானிய இலக்கியப் பரிசும் வாங்கியது. நிஞ்சா வந்ததும் புத்தர் ஓடிவிட்டாரா? பத்திரிகை இன்றும் கியோட்டோவில்தான் இருக்கிறது, மதச் செய்தியைத்தான் எழுதுகிறது.

அமெரிக்க இதழ்களைக் காட்டினார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1991-ல் தொடங்கிய 'டிரைசைக்கிள்' போன்றவற்றில் தியான மெத்தை விளம்பரம் வருகிறது என்றார். வருகிறது, மறுக்கவில்லை. புத்தரைக் கழற்றிவிட்டு மன அமைதியை மட்டும் விற்கிற கடைகள் அங்கே உண்டு, அதுவும் எனக்குப் பிடிக்காது. ஆனால் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கட்டுரைப் பக்கத்துக்கு வாருங்கள் அம்மா. எந்த ஒரு பிரிவுக்கும் சொந்தமில்லாத அந்த இதழில் தேரவாதமும் ஜென்னும் திபெத்தியமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

நிஜமாகவே பயப்பட வேண்டியது எதிர்த்திசையில் இருக்கிறது. 1906-ல் இலங்கைப் பௌத்தப் பிரசாரகர் அநகாரிக தர்மபாலர் தொடங்கிய 'சிங்கள பௌத்தயா' பொது வாசகரைத் தேடவில்லை, ஓரினத்தாரைப் பார்த்தே பேசியது, முஸ்லிம் வியாபாரிகளைச் சாடியது. தம்மத்துக்கு எது அதிகச் சேதம், மருந்துக் குறிப்பா, அந்தச் சாடலா? எதிரணி யோசிக்கட்டும்.

அம்பேத்கர் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய 'ஜனதா' பொதுப் பெயரோடு 1930 முதல் நடந்தது. 1956-ல் 'பிரபுத்த பாரத்' என்று பௌத்த வாசனையோடு பெயர் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில் அவர் பௌத்தத் தீட்சை பெற்றார். பொதுச் செய்தி படித்து வந்த வாசகரைத் தம்மத்தின் வாசல் வரைக்கும் கூட்டிப்போன பத்திரிகை அது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிஷம் மட்டும். 1914-ல் பண்டிதர் மறைந்தார். கொஞ்ச காலத்தில் 'தமிழன்' நின்றது. அண்ணாச்சி சொல்கிறபடி சாரம் கரைந்த பத்திரிகை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 1926-ல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் என்ற பௌத்தர் அதே பெயரில் அதை மறுபடி கொண்டுவந்தார். பூமிக்கடியில் கல் உடைத்த தொழிலாளர் ஊர் அது. மழைச் செய்திக்கும் மருந்துக் குறிப்புக்கும் அதற்குள் எத்தனையோ பத்திரிகைகள் வந்துவிட்டன. இதை மட்டும் ஏன் திரும்பத் தேடினார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணாச்சி இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.