படத்தப் போட்டு அமுக்குன அண்ணாச்சி: போன் ஹெல்ப் பக்கத்துக்கு ஸ்கிரீன்ஷாட் வைக்கது எப்படி

[திரையில்: திருநெல்வேலி டவுன், தெற்கு ரத வீதி, ஒரு மளிகைக் கடை கல்லா]

வணக்கம் மக்களே. கடைக்கு பில் போடுத ஆப் ஒண்ணுக்கு ஹெல்ப் பக்கம் எழுதுத வேலை எனக்கு. எழுதி முடிச்சு லேப்டாப்ல பாத்தா அம்சமா இருந்துச்சு, சரி யாரு கையிலயாவது குடுத்துப் பாப்போம்னு டவுன்ல தெரிஞ்ச மளிகைக் கடை அண்ணாச்சிட்ட போனேன். அண்ணாச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு, போன்ல பக்கத்தத் தொறந்து, பைய தள்ளிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னுட்டாரு. அமுக்குதாரு. திரும்ப அமுக்குதாரு. "ஏ தம்பி, உன் ஆப்பு நகரவே மாட்டக்கே"ன்னாரு. எட்டிப் பாத்தா, நான் வச்ச ஸ்கிரீன்ஷாட்ல இருக்க 'சேவ்' பட்டனப் போட்டு அமுக்கிட்டு இருக்காரு!

"அது படம்லா அண்ணாச்சி"ன்னேன். "அது எனக்கு எப்படிடே தெரியும்"னாரு.

நியாயந்தான. லேப்டாப்ல பாத்தா போன் படம் தனியா தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. போன்லயே பாக்கும்போது அகலம் அதே அகலம், பட்டன் அதே சைஸு, அதே கலரு, ஆப்புக்குள்ள இருக்கமா ஹெல்ப்புல இருக்கமான்னு எனக்கே ஒரு நிமிஷம் கொழம்பும்.

[திரையில்: முழு ஸ்கிரீன்ஷாட், அப்புறம் வெட்டுன துண்டு]

அதனால மொத வேலை, வெட்டுங்க. இப்ப உள்ள போனுல ஸ்கிரீன்ஷாட் எடுத்தா 1080க்கு 2400 பிக்சல்னு பனமரம் கணக்கா நெட்டையா வருது, அத அப்படியே வச்சா ஒரு படத்தத் தாண்டவே ஒரு திரை தள்ளணும், படிச்ச வரி மேல போயிருது, திரும்ப ஏறி எறங்கி ஆளு சடஞ்சு போவாரு. பட்டன், அதுக்கு மேல உள்ள தலைப்பு, அக்கம்பக்கம் கொஞ்சம், இம்புட்டு போதும். ரொம்ப வெட்டி வெறும் பட்டன மட்டும் வச்சீங்கன்னா அது எங்கன கெடக்குன்னு தேடணும், அதுவும் ஆகாது. சுத்தி ஒரு கோடு போடுங்க, ஓரத்த கிழிஞ்ச பேப்பர் மாதிரி ஆக்குனா இன்னும் நல்லது, பாத்ததுமே படம்னு தெரிஞ்சிரும். ரெண்டு படத்த ஜோடியா பக்கத்துல பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, போன்ல எழுத்து பாதிக்கும் கீழ சுருங்கி எறும்பு ஊருத மாதிரி ஆயிரும்.

அடுத்தது, படத்த நம்பி எழுத்த விட்டுராதீங்க. அண்ணாச்சி போன்ல ஆப்பு தமிழ்ல ஓடுது, நான் படம் எடுத்தது இங்கிலீஷ்ல, அவருக்கு 'சேமி'ன்னு இருக்க எடத்துல என் படத்துல 'சேவ்'. ரெண்டு மொழிக்கும் தனித்தனியா படம் எடுங்க, நேரம் இல்லைன்னா பட்டன் பேர மட்டுமாவது தமிழ்ல எழுதிருங்க. போன் செட்டிங்ஸ் பக்கம்னா நான் படமே வைக்கதில்ல, சாம்சங்ல ஒரு மாதிரி சியோமில ஒரு மாதிரி இருக்கும், "செட்டிங்ஸ்ல மேல தேடுத எடத்துல இன்னத டைப் பண்ணுங்க"ன்னு எழுதுனா முடிஞ்சுது. கண்ணு தெரியாதவங்களுக்கு திரையில உள்ளத வாசிச்சுச் சொல்லுத டாக்பேக் ஆப்பு வாசிக்கதுக்கு, படத்துல என்ன இருக்குன்னு சொல்லுத மாற்று உரை ஒரு வரி குடுங்க, "படம் 3"ன்னு குடுத்து என்ன புண்ணியம்.

[திரையில்: கறுப்புக் கட்டம் போட்ட பில்]

நெஜ கஸ்டமர் பேரு, போன் நம்பர் உள்ள பில்ல எடுத்து மங்கலாக்கி வைக்காதீங்க, மங்கல்ல இருந்து நம்பரக் கண்டுபிடிக்க வழி இருக்கு. வெட்டுனாலும் நம்பிர முடியாது, 2023ல கூகுள் பிக்சல் போன்ல ஒரு பாதுகாப்பு ஓட்ட வெளிய வந்துச்சு, அதுல உள்ள எடிட்டர்ல வெட்டுன ஸ்கிரீன்ஷாட்டோட மிச்சம் ஃபைலுக்குள்ளயே கெடந்துச்சு, திரும்ப எடுக்க முடிஞ்சுது. அதனால மொதல்லயே 'டெஸ்ட் கஸ்டமர்'னு பொய்ப் பேரு போட்டு எடுத்துருங்க. மேல உள்ள நோட்டிபிகேஷன மறைக்க ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல டெமோ மோடுன்னு ஒண்ணு இருக்கு, இல்லைன்னா உங்க வீட்டுக்காரம்மா அனுப்புன "தேங்கா வாங்கிட்டு வாங்க"வும் ஹெல்ப்புல வந்துரும்.

படத்த சேவ் பண்ணுத ஃபைல் வகை பிஎன்ஜியாவே (PNG) இருக்கட்டும், ஜேபெக்னா (JPEG) எழுத்து ஓரம் அழுக்காத் தெரியும். வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா தெளிவு கொறஞ்சிரும்.

[திரையில்: மறுபடி அண்ணாச்சி கடை]

எல்லாத்தையும் மாத்தி திரும்பக் கொண்டு காட்டுனேன். இந்த தடவ அண்ணாச்சி படத்துல உள்ள பட்டன அமுக்கல. நான் புதுசா வரஞ்சு வச்ச செவப்பு அம்புக்குறிய அமுக்குனாரு. இப்ப அத எடுத்துட்டு வட்டம் போட்டுருக்கேன், நாளைக்கு காலைல கடை தொறந்ததும் போணும்.