கம்மைக் கன்னத்தில் ஒதுக்குங்கள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மீனவர் போன மாதம் வந்திருந்தார். புகைப்பதை விடுவதற்காக மெல்லும் நிக்கோட்டின் கம், பாதி தீர்ந்த அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் போட்டார். “வேலைக்கு ஆகல டாக்டர். விக்கல் வருது, நெஞ்சு எரியுது.” எப்படி மென்றீர்கள் என்றேன். “பபிள்கம் மாதிரிதான். கூடவே டீ.”

சரி, அங்கேதான் கோளாறு. இந்த நிக்கோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டும். எச்சிலோடு வயிற்றுக்குப் போனால் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள். சுரீரென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவது போலக் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி, சோடா குடித்தால் கால் மணி நேரம் கழித்தே போட வேண்டும்; வாயில் புளிப்பு இருந்தால் மருந்து சரியாக ஏறாது. நம் ஊரில் டீயும் பீடியும் ஜோடியாயிற்றே, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விடச் சொல்லிவிட்டு நிக்கோட்டினையே கொடுக்கிறீர்களே என்பார்கள். ஏங்க வைப்பது நிக்கோட்டின்; நுரையீரலையும் இதயத்தையும் அதிகம் கெடுப்பது புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும். ஏக்கத்துக்குச் சோறு போட்டுக்கொண்டே புகையை நிறுத்துகிறோம்.

கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 தேவைப்படும். அதை டாக்டரைக் கேட்டே எடுங்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாகக் குறையும். பேட்சோடு, திடீர் ஏக்கத்துக்குக் கம்மும் சேர்ந்தால் தனியாக ஒன்றைவிட நல்ல பலன். நம் கடற்கரை வியர்வையில் பேட்ச் பிய்ந்து வரும். துடைத்து உலர்ந்த இடத்தில், தினம் இடம் மாற்றி ஒட்டுங்கள்.

அப்புறம் மாத்திரைகள். வாரெனிக்லின், நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிடுவது. மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்வதால் சிகரெட் சப்பென்றாகிவிடும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். புப்ரோபியான் இன்னொன்று; வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. இரண்டும் டாக்டர் சீட்டில்தான். பேசத் துணை வேண்டுமானால் 1800 112 356, இலவச எண்.

அந்த மீனவர் போன வாரம் பேசினார். கம்மை ஒதுக்கப் பழகிவிட்டாராம். விடியற்காலை படகு ஏறும்போது வரும் ஏக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இரவிலும் ஒட்டியிருக்கும் பேட்சை இன்று முதல் தொடங்கியிருக்கிறார்.