ரிஹாப் நடத்துகிறவர் என்ன படித்திருக்கிறார்?

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையில் இருந்து மூலக்கடை வரைக்கும் ஒரு சுற்று வந்தால் சுவரெல்லாம் ஒரே மாதிரி நோட்டீஸ். ‘குடியை நிறுத்த, அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்.’ கீழே ஒரு செல் நம்பர். மருந்து கொடுக்கிறவர் யார் என்று ஒரு வரி கிடையாது. அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) இருந்து, அது தெரியாமல் அந்த மனிதர் ஒரு குவார்ட்டரைக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மாத்திரையை டாக்டர் கொடுத்தால் அவரிடமே சொல்லி, சம்மதம் வாங்கி, கல்லீரல் டெஸ்ட்டும் பார்த்துத்தான் கொடுப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒருவரைக் குடி மறுவாழ்வு மையத்தில், அதாவது ரிஹாபில், சேர்க்கப் போகிறீர்களா? ஏசி ரூம் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், நடத்துகிறவர்கள் என்ன படித்தவர்கள் என்று கேளுங்கள்.

சைக்யாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம். அதற்கு மேலே போதைக்கென்றே டி.எம். படிப்பும் பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் மாதிரி இடங்களில் இருக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டாம், எம்.டி. போதும். ஆனால் டாக்டர் கட்டாயம் வேண்டும். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். அப்புறம் சிலருக்கு 2, 3 நாளில் ஆளே மாறிவிடும். கை நடுங்கும், சட்டை தொப்பலாக நனையும், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார். காசிமேட்டுக்காரர் என்றால், போட் கிளம்பிடுச்சு என்று நடுராத்திரியில் கட்டிலை விட்டு இறங்கி இல்லாத வலையை இழுப்பார். பேய் பிடித்திருக்கிறது என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிற வீடும் நம்ம ஏரியாவில் உண்டு. அது டெலிரியம், குடியை நிறுத்தியதால் வருகிற மனக்குழப்பம், எமர்ஜென்சி. மாத்திரையும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் நேரத்துக்குப் போக வேண்டும். அதனால், போர்டில் எந்த டாக்டர் பெயர் இருக்கிறது என்பதோடு விடாதீர்கள். ராத்திரி 2 மணிக்கு அங்கே நர்ஸ் இருப்பாரா, டாக்டரைக் கூப்பிட்டால் வருவாரா? அதைக் கேளுங்கள்.

கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கேட்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படித்தவர்களை நாம் குறைவாக நினைக்கிறோம். வீட்டுக்காரம்மாவை உட்கார வைத்துப் பேசுவது, கடன், வேலை, பையன் படிப்பு எல்லாம் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

குடியை விட்டவரே மையம் நடத்துவது? எனக்கு அதில் மரியாதை உண்டு. “நானும் பார் வாசல்ல விழுந்து கிடந்தவன்தாம்ப்பா” என்று ஒருவர் சொன்னால் இறங்குகிற மாதிரி டாக்டர் சொன்னால் இறங்காது. 1935ல் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிற குழு) தொடங்கியதே அப்படி விழுந்து எழுந்த ரெண்டு பேர், ஒரு பங்குத் தரகர், ஒரு சர்ஜன். நம்ம சென்னையில் சாந்தி ரங்கநாதன் டாக்டர் இல்லை, குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். ஆனால் அந்த வலியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இறங்கவில்லை. அமெரிக்காவில் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் 1980ல் டி.டி.கே. குடி மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். 1992ல் பத்மஸ்ரீ. அனுபவம் பேச்சுக்கு உதவும், ஃபிட்ஸுக்கு உதவாது. ‘நான் குடியை விட்டவன், எனக்குத் தெரியாததா’ என்று ஒருவரே மாத்திரையும் கொடுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

2017 மனநலச் சட்டத்தில் மது, போதையால் வருகிற பாதிப்பும் அடக்கம். இந்தச் சிகிச்சைக்கு ஆளைத் தங்க வைக்கிற மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியதுதானே, எதற்குக் கோபம் வருகிறது?

காசு இல்லையா, ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பஸ் தூரம்தான். முதலில் பேசிப் பார்க்க 14446, போதை மீட்பு ஹெல்ப்லைன், இலவசம். நோட்டீஸில் இருக்கிற செல் நம்பருக்குப் பதில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.