ஆமணக்கெண்ணெயும் அல்புமினும்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒருவர், நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்த தம் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த கலக்கத்தோடு, "நானோ மருந்து கட்டியை மட்டும் தேடிப்போய் அழிக்குமாமே, ஐயா?" என்று என்னிடம் கேட்டார். மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

பாக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்து, பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் முதலில் கண்டறியப்பட்டது. அது நீரில் கரையாது என்பதால், ஆமணக்கெண்ணெயை வேதிமாற்றம் செய்து பெறும் ஒரு கரைப்பானையும் எத்தனாலையும் சேர்த்துத்தான் நெடுங்காலமாக இரத்தக்குழாயில் ஏற்றி வந்தார்கள். (நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெயின் மீது பழியில்லை, மாற்றப்பட்ட பொருள்தான் தொல்லை.) அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குவதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக, நம் இரத்தத்திலேயே உள்ள அல்புமின் புரதத்தோடு மருந்தைப் பிணைத்து, ஏறக்குறைய 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள்; நானோ மருந்து என்பது இத்தகையதுதான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் அத்தகைய துகள்கள் சில நூறு அடங்கும். அமெரிக்க மருந்து ஆணையம் இதனை 2005இல் மார்பகப் புற்றுநோய்க்கும், 2012இல் கார்போபிளாட்டின் என்னும் மற்றொரு புற்றுநோய் மருந்துடன் சேர்த்துச் சிறுசெல் அல்லாத வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் ஏற்றுக்கொண்டது. இந்த நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,052 நோயாளிகளைக் கொண்ட பரிசோதனையில், புதிய வடிவம் பெற்றோரில் 33 விழுக்காட்டினருக்கும் பழையது பெற்றோரில் 25 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. ஆயினும் வாழ்நாளின் இடைநிலை அளவு (பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம்) முறையே 12.1 மாதங்கள், 11.2 மாதங்கள் என்றே அமைந்தது; அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு குறைந்தது, இரத்தச்சோகை கூடியது.

அப்படியானால் "தேடிப்போகும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? புற்றுக்கட்டியின் இரத்தக்குழாய்கள் ஓட்டையும் இடைவெளியுமாக இருப்பதாலும், அங்கு நிணநீர் வடிகால் சரியாக இல்லாததாலும், பெரிய மூலக்கூறுகள் உள்ளே கசிந்து தங்கிவிடுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மாயேதாவும் 1986இல் காட்டினார்கள். ஆக, துகள் கட்டியைத் தேடுவதில்லை, கசியும் இடத்தில் ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்குவதும் மிகச் சிறு பங்கே. பெரும்பாலும் எலிகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கனடாவில் கணக்கிட்டபோது, ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 விழுக்காடுதான் என்று தெரிந்தது. எஞ்சியவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைத் துகளின் மேல் ஒட்டி முகவரி எழுதலாமே எனலாம். எழுதுகிறார்கள், ஆனால் இரத்தத்தில் இறங்கியதும் வேறு புரதங்கள் அதன்மேல் படிந்து, எழுதிய முகவரியை மறைத்துவிடுகின்றன. மூச்சின் வழியே நேரடியாக நுரையீரலுக்குள் செலுத்தும் முயற்சியும் நடக்கிறது. மிகச் சிறிய துகள்கள் வெளிமூச்சோடு திரும்பிவிடக்கூடும் என்பதால், அவற்றை 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள பொடிமணிகளுக்குள் பொதிந்து அனுப்பிப் பார்க்கிறார்கள்.

குடியாத்தத்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு இது பொருந்துமா?" என்றார். திசுப் பரிசோதனையில் வந்த செல் வகை என்ன, மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேட்டேன். அறிக்கையை எடுத்து வந்திருக்கவில்லை. மறுநாள் கொண்டுவருவதாகச் சொல்லிப் பேருந்தைப் பிடிக்கச் சென்றார்.