பனி நாட்டு ஆட்டத்தில் குளிர் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் வந்தது. பனி நிலங்களுக்கென்றே அதற்குத் துணைநூல்கள் உண்டு. 2004இல் வெளியான ஃப்ராஸ்ட்பர்ன் அதில் ஒன்று. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வழக்கு வந்துவிடும்: குளிர் நிஜம்போல இருக்கணுமா, ஆட்டம் ருசியாக இருக்கணுமா? குளிர் விதி தப்பாக எழுதப்பட்டால் இரண்டுமே கெடும் என்பது என் கட்சி.

2014 விதிநூலை எடுத்துக்கொள்வோம். உறைகுளிர் நீரில் விழுந்தவர், தன் பாத்திரத்தின் தாங்குதிறனைச் சொல்லும் உடலுறுதி எண் எத்தனையோ அத்தனை நிமிடம் பாதிப்பின்றி இருக்கலாம். எண் 14 என்றால் 14 நிமிடம். சண்டையில் ஆளுக்கொரு முறை செயல்படும் ஒரு சுற்று 6 வினாடி. ஆக 140 சுற்று! சண்டை ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும். விதி வேலை செய்யவே வாய்ப்பில்லை. நிஜத்தில் முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும், பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும். அப்படியே எழுதிவிடலாமே: முதல் சுற்றில் மூச்சைப் பிடிக்க ஓர் உருட்டல், அடுத்த நிமிடத்திலிருந்து கயிற்றைப் பற்ற இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததையே எடுப்பது. நிஜத்துக்கும் நெருக்கம், மேசையிலும் பதற்றம்.

அடுத்தது உடை. மைனஸ் 18 செல்சியஸும் அதற்குக் கீழும் என்றால் மணிக்கொரு உருட்டல். 10 எட்டாவிட்டால் ஒரு படி களைப்பு, ஆறாம் படியில் சாவு. ஆனால் குளிருடை போட்டவருக்கு உருட்டலே வேண்டாம். கடையில் உடை வாங்கியதும் குளிர் கதையை விட்டே போய்விடுகிறது. உடைக்கான இந்தச் சலுகையை ஒழித்துவிட்டாலோ, ஐந்து பேர் எட்டு மணி நேரம் நடக்க நாற்பது உருட்டல். அது கணக்குப்பிள்ளை வேலை.

2020இல் வந்த ரைம் ஆஃப் தி ஃப்ராஸ்ட்மெய்டன் என்ற சாகசக் கதைநூல் ஒரே நிபந்தனையில் இதைச் சரிசெய்தது: உடை உலர்ந்திருக்கும் வரைதான் காப்பு. இப்போது மெல்லிய பனிக்கட்டியைக் கடப்பதா, சுற்றிப் போவதா என்பது உண்மையான கேள்வி. நனைந்தவருக்கு மட்டும் பகடை. தீ மூட்டி உடையை உலர்த்த ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணியில் புகையைப் பார்த்து யார் வருவார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். வியர்வையையும் இதில் சேர்க்கலாம், சுமையோடு ஓடியவருக்கு மட்டும்.

மந்திரங்களைத் தடை செய்யச் சொல்பவர்களும் உண்டு. குட்பெர்ரி என்ற முதல்நிலை மந்திரம் பத்துப் பழம் தரும். ஒரு பழம் ஒருவருக்கு ஒருநாள் சாப்பாடு. பசி போனால் போகட்டும், விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் கதகதப்பாகக் காக்கும் டைனி ஹட் மந்திரக் குடிலையும் விட்டுவைக்கலாம். அதற்குள் மந்திரவாதியைத் தவிர ஒன்பது உயிர்கள்தான் அடங்கும். பத்தாவது இருந்தால் மந்திரம் பலிக்காது. மந்திரவாதியையும் சேர்த்து ஐந்து வீரர்கள், சறுக்குவண்டி இழுக்கும் ஆறு நாய்கள் என்றால் ஒன்று கூடுதல். பனியில் சுருண்டு படுத்து உறங்க இந்த நாய்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நிஜத்திலும் அப்படித்தான் தூங்குகின்றன. ஆகவே அவை வெளியே. ஓநாய் வந்தால் குடிலைவிட்டு வெளியே ஓடப்போவது யார்? மந்திரவாதி ஓடினால் குடிலும் மறைந்துவிடும்.